சாக்குத் தைக்கும் யந்திரம்: தடித்த ஊசிக்கு இடம் செய்யும் முறை

கொல்லிமலையில் விளைந்த மிளகு காரவள்ளி வழியாகக் கீழே இறங்க வேண்டுமானால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். ஒரு வளைவில் மூட்டைகள் இடப்புறம் சாய்கின்றன. அடுத்த வளைவில் வலப்புறம் சாய்கின்றன. சாக்கின் நெசவு இந்த ஆட்டத்தைத் தாங்கிக்கொள்கிறது. தாங்காதது தையல். மூட்டையின் வாய் பிரிந்தால் கண்ணுக்குத் தெரியும், இறங்கிக் கட்டிவிடலாம். அடித்தையல் பிரிந்தாலோ, நாமக்கல் போய்ச் சேர்ந்து தராசில் ஏற்றிய பிறகுதான் நஷ்டம் இன்னதென்று தெரியும். ஆண்டு முழுவதும் கொடி வளர்த்துப் பறித்து உலர்த்திய அங்கத்தினருக்கு அது சிறிய விஷயமன்று.

கோணி ஊசியால் கையில் தைத்த சாக்குகளில் இந்தக் குறை அதிகமாக இருந்ததில்லை. எங்கள் தையற்கூடத்தில் யந்திரத்தைக் கொண்டு சாக்கும் பையும் தைக்கத் தொடங்கிய பிறகே இது தலையெடுத்தது. திருப்பூரில் பனியன் கொட்டகையிலிருந்து கழித்த ஒற்றை ஊசி யந்திரம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தோம். மெல்லிய துணியில் அது முத்துப்போலத் தையலிட்டது. சணல் துணியை நான்காக மடித்து வைத்ததும், ஊசி வளைந்தது. நூல் பிசிர்ந்து அறுந்தது. தையல் இடையிடையே தவறியது. யந்திரத்தின்மேல் குற்றம் இல்லை. அதற்கு இட்ட ஊசியும் நூலும் பனியனுக்கு உரியவை. தடித்த ஊசியைக் கேட்டு வாங்கி மாட்டப் பார்த்தால், அது ஊசிக்கோலின் துளைக்குள் நுழையவே மறுத்தது. இந்த இடத்தில்தான் பலர் யந்திரத்தை மூலையில் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளவேண்டியதில்லை என்பதையும், எதை மாற்றவேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதையும் இக்கட்டுரையில் ஒழுங்காக ஆராய்வோம்.

முதலில் ஊசியை அறிந்துகொள்வோம். கைத்தையல் ஊசிக்குக் காது பின்புறத்தில் இருக்கிறது. யந்திர ஊசிக்குக் காது முனைக்கு அருகே இருக்கிறது. 1846ஆம் ஆண்டில் அமெரிக்கரான எலியாஸ் ஹோ பெற்ற உரிமையில் இந்த முனைக்காதும், கீழிருந்து வரும் இரண்டாவது நூலும் சேர்ந்து அமைந்திருந்தன. இன்றும் பூட்டுத்தையல் யந்திரங்கள் யாவும் அந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. ஊசி துணியைத் துளைத்துக் கீழே இறங்குகிறது. இறங்கிய இடத்திலிருந்து சிறிது மேலெழும்போது, அதன் ஒரு பக்கத்தில் நூல் தளர்ந்து சிறு வளையமாக உப்புகிறது. அந்தக் கணத்தில் ஹூக்கின் கூர்முனை வந்து வளையத்தைப் பற்றி, பாபினைச் சுற்றி அழைத்துச் செல்கிறது. ஊசியில் ஒரு பக்கம் நீண்ட பள்ளம் இருக்கும். அது நூல் ஒளிந்து இறங்கும் வழி. மறுபக்கத்தில் காதுக்குச் சற்று மேலே ஒரு குழிவு இருக்கும். அது ஹூக்கின் முனை நெருங்கி வருவதற்காகச் செதுக்கிய இடம். இந்தக் குழிவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஊசியின் அட்டையில் 75/11, 90/14, 110/18, 140/22 என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் எண் ஊசி உடலின் கனத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. 140 என்றால் 1.40 மில்லிமீட்டர். இரண்டாவது எண் பழைய சிங்கர் வரிசை. இங்கே நெசவாள நண்பர்கள் ஒரு தடுமாற்றத்திற்கு ஆளாவதுண்டு. நூலில் 40ஆம் நம்பரைவிட 80ஆம் நம்பர் மெல்லியது. ஊசியில் எண் ஏற ஏறக் கனம் கூடும். தையல் நூல் கண்டுகளில் உள்ள டிக்கெட் எண்ணோ நெசவு நூலைப் போலவே தலைகீழாகச் செல்லும். 120 டிக்கெட் சட்டைக்கு உரிய மெல்லிய நூல், 20 டிக்கெட் சாக்குக்கு உரிய தடித்த நூல். ஆகவே "பெரிய நம்பர்" என்று மட்டும் கடையில் கேட்டால் ஊசி தடித்தும் நூல் மெலிந்தும் வந்து சேரும்.

கனம் ஒரு பக்கம் இருக்க, ஊசிக் காம்பின் பருமன் வேறொரு விஷயம். ஊசிக்கோலின் துளைக்குள் நுழைந்து திருகினால் இறுக்கப்படும் மேற்பகுதியையே காம்பு என்கிறோம். பனியன், சட்டை தைக்கும் யந்திரங்களில் சாதாரணமாக வருவது 1.62 மில்லிமீட்டர் காம்பு. அதற்கு 16×231 என்று பெயர். கனத்த வேலைக்கு உரியது 2 மில்லிமீட்டர் காம்பு. அதற்கு 135×5 என்று பெயர். ஜப்பானிய முறையில் இவற்றை டி.பி. 1 என்றும் டி.பி. 5 என்றும் சொல்லுவர். ஆனால் முதல் பெயரில் உள்ளது பெங்களூருக்குரிய 'பி'. இரண்டாவதில் உள்ளது பாண்டிச்சேரிக்குரிய 'பி'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். எங்களுக்கே இருமுறை தவறான ஊசி வந்தது. எண்ணைச் சொல்லிக் கேட்பதே பத்திரம். கையோடு பழைய ஊசி ஒன்றையும் கொண்டுபோக வேண்டும்.

மெல்லிய காம்பிலேயே 22ஆம் எண் ஊசியும் விற்பனையாகிறது. அதையே போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். மெல்லிய சணலுக்கும், இரண்டு மடிப்புக்கும் அது போதும். நான்கு மடிப்பு வந்தால் ஊசி வளைகிறது. உருண்டையான தண்டு ஒன்றின் வளையாத தன்மை அதன் கனத்தின் நான்காவது பெருக்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்பது யந்திர நூலோர் கணக்கு. 1.62க்குப் பதிலாக 2 மில்லிமீட்டர் என்பது பார்வைக்கு அற்ப வித்தியாசம். வளையாமல் நிற்பதிலோ இரண்டேகால் மடங்குக்கு மேல். நமக்கு நல்லவேளையாக, காம்பின் அடியிலிருந்து காது வரையுள்ள நீளம் இவ்விரண்டு வகை ஊசிகளிலும் ஏறக்குறைய ஒன்றே; 34 மில்லிமீட்டரை ஒட்டியது. ஆகையால் யந்திரத்தின் உள்ளமைப்பைக் குலைக்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடிகிறது. 135×17 என்னும் நீண்ட ஊசியும் கடையில் கிடைக்கும். அது வேறு யந்திரங்களுக்கு உரியது. ஐந்து மில்லிமீட்டர் அளவு நீளம் கூடுதல். அதை இங்கே மாட்டினால் முதற் சுற்றிலேயே ஹூக்கில் மோதும்.

இனி மாற்றம். ஊசிக்கோலில் உள்ள 1.62 துளையை 2 மில்லிமீட்டருக்குப் பெருக்கிவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எங்களுக்கும் அதுவே தோன்றியது. கீழ்நாட்டுப் பட்டறை ஒன்றில் கொடுத்துக் கைத்துளைப்பானால் பெருக்கி வாங்கினோம். அந்தக் கோலை மாட்டிய அன்று மாலையிலேயே ஊசி ஹூக்கில் பட்டு இரண்டாக ஒடிந்தது. மறுநாள் மூன்று ஊசிகள் ஒடிந்தன. காரணம் பிறகு விளங்கிற்று. கோல் கடினப்படுத்திய எஃகு. துளைப்பான் அதன் நடுவே நேராகப் போகாமல் ஒருபுறம் நழுவியிருந்தது. காம்பில் ஒரு மயிரிழை தளர்ச்சியிருந்தால் ஊசி முனையில் அது பல மயிரிழையாக விரியும். ஹூக்குக்கும் ஊசிக்கும் இடையே விடும் இடைவெளியோ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான், மெல்லிய காகிதத்தின் கனம். கடைசல் யந்திரத்தில் பூட்டி, நடு பார்த்து, ரீமரால் துளையைப் பெருக்கக்கூடிய தேர்ந்த வேலைக்காரர் கிடைத்தால் செய்யலாம். இல்லையேல் 2 மில்லிமீட்டர் துளையுள்ள ஊசிக்கோலைத் தனியாக வாங்கிவிடுவதே சிக்கனம். உதிரி பாகம் விற்கும் கடைகளில் அது கிடைக்கிறது. கோலின் முழு நீளமும் விட்டமும் பழையதோடு ஒத்திருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கோலைக் கழற்றுமுன் ஒரு காரியம் அவசியம். கைச்சக்கரத்தைச் சுழற்றி ஊசியை அதன் அடிமட்டத்தில் நிறுத்தி, கோல் எந்த இடத்தில் புஷ்ஷிலிருந்து வெளிவருகிறதோ அங்கே மெல்லிய கோடு கிழித்துவிட வேண்டும். புதுக் கோலை அந்த உயரத்திலேயே பூட்டிவிட்டால் வேலை பெரும்பாலும் சரியாகிவிடும். கோடு கிழிக்க மறந்தவர்களும் கலங்க வேண்டாம். ஊசி அடிமட்டத்திலிருந்து 2 முதல் 2½ மில்லிமீட்டர் மேலெழுந்த நிலையில், ஹூக்கின் முனை ஊசியின் நடுக்கோட்டில் நிற்கவேண்டும். காதின் மேல்விளிம்புக்கு மேலே ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் அது கடக்கவேண்டும். முனை காதுக்கு மிக அருகே கடந்தால் கோலைச் சிறிது இறக்க வேண்டும். மிக மேலே கடந்தால் ஏற்ற வேண்டும்.

அடுத்து ஊசித்தட்டு. பனியன் தைக்கும் தட்டின் துளைக்குள் தடித்த ஊசி இறங்கினாலும், நூலுக்கு அங்கே இடம் இருக்காது. நூல் விளிம்பில் உராய்ந்து வெட்டுப்படும். ஊசியின் கனத்தைப் போல ஒன்றரை மடங்கு துளை என்பது நாங்கள் கைக்கொண்ட அளவு. 140ஆம் எண் ஊசிக்கு 2.1 மில்லிமீட்டர். துளையை அளவுக்கு மீறிப் பெரிதாக்கினால் துணியே ஊசியோடு கீழே இழுபட்டுத் தையல் தவறும். தட்டும் கடினமான எஃகு; கனத்த வேலைக்கென்று விற்கும் தட்டையும், அதோடு இணையான பல்லையும் சேர்த்தே வாங்குவது நல்லது. தட்டை மாற்றிவிட்டுப் பல்லின் நடுத்துளையை மறந்துவிடுகிறவர்கள் உண்டு. பல் துணியைத் தள்ளும்போது அந்தத் துளையின் விளிம்பு ஊசியைத் தொட்டால், ஊசி எதனால் ஒடிகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். அழுத்தும் பாதத்தின் பிளவையும் அவ்வாறே பார்க்க வேண்டும். புதுத் துளையின் விளிம்பில் பிசிறு இருந்தால், பருத்தி நூலில் மெருகுப் பசையைத் தடவித் துளையின் வழியே முன்னும் பின்னும் இழுத்து வழவழப்பாக்கலாம். பட்டு நூலை அதன்மேல் இழுத்துப் பார்த்தால் எங்கே மாட்டுகிறது என்று தெரிந்துவிடும். இது எங்கள் நெசவாள அங்கத்தினர் ஒருவர் சொல்லித் தந்த சோதனை.

இப்போது ஹூக். 75ஆம் எண் ஊசியின் பாதிக் கனம் 0.375 மில்லிமீட்டர், 140ஆம் எண்ணில் 0.70. ஊசியின் நடு அதே இடத்தில் இருக்க, அதன் பக்கம் ஹூக்கை நோக்கி மூன்றில் ஒரு மில்லிமீட்டர் நெருங்கிவிட்டது என்று பொருள். குழிவு இதில் ஒரு பகுதியை ஈடுசெய்யும், முழுவதும் ஈடுசெய்யாது. ஹூக்கை இறுக்கும் திருகுகளைத் தளர்த்தி, அதன் அச்சின்மேல் சிறிது வலப்புறம் நகர்த்த வேண்டும். ஊசியைக் காகிதக் கனம் விட்டு ஹூக்கின் முனை கடக்கும் வரையில் நகர்த்தி, முன் சொன்ன நேரக் கணக்கையும் மறுபடி சரிபார்த்து, திருகுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரே திருகை முழு பலத்தோடு முதலில் இறுக்கினால் ஹூக் திரும்பிவிடுகிறது. இதற்குப் பொறுமை வேண்டும். எங்களுக்கு முதல் முறை ஒரு முற்பகல் முழுவதும் பிடித்தது.

பாபின் கேஸ் ஹூக்கோடு சேர்ந்து சுழலாதபடி தடுத்து நிற்கும் சிறு விரல் ஒன்று உண்டு. அதற்கும் கேஸின் பள்ளத்திற்கும் இடையே உள்ள சந்தின் வழியாகத்தான் ஒவ்வொரு தையலிலும் நூல் நழுவி வெளியேற வேண்டும். பனியன் நூலுக்கு வைத்த சந்தில் 20 டிக்கெட் நூல் சிக்கிக்கொள்ளும். தைக்கும்போது "டக், டக்" என்று ஒலி கேட்டு, மேல் நூல் அறுமானால் முதலில் இந்த விரலைப் பார்க்க வேண்டும். நூல் தடையின்றி நழுவும் அளவுக்கு அதைத் தள்ளிப் பூட்டினால் ஒலி நின்றுவிடும். எங்கள் யந்திரத்தில் ஹூக்கையே மாற்றவேண்டும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். விரலை நகர்த்தியதோடு அது தீர்ந்தது.

நூலுக்கும் ஊசிக்கும் பொருத்தம் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு முழ நூலை ஊசியின் காதில் கோத்து, நூலைச் சாய்வாக இழுத்துப் பிடித்து, மேல் நுனியில் ஊசியை விட வேண்டும். தானே தடையின்றி வழுக்கி இறங்கினால் பொருத்தம் சரி. தயங்கித் தயங்கி இறங்கினால் ஊசி சிறிது. சரேலென்று விழுந்தால் பெரிது. பூட்டுத்தையலில் நூலின் ஒரே பகுதி தையலாக அமைவதற்கு முன் காதின் வழியே பல பத்துத் தடவை மேலும் கீழும் போய்வருகிறது. பாவு நூல் விழுதில் தேய்வதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. முனையைப் பொறுத்தவரை, உருண்டை முனை ஊசியே சணலுக்கு ஏற்றது. தோலுக்கு உரிய வெட்டு முனை ஊசி பாவையும் ஊடையையும் அறுத்துக்கொண்டு போகும். தைத்தபோது அழகாக இருக்கும், இழுத்தால் தையலின் ஓரமாகவே சாக்கு கிழியும். தையலின் நீளத்தையும் கூட்ட வேண்டும். அங்குலத்திற்கு ஐந்து அல்லது ஆறு தையல் போதும். நெருக்கித் தைத்தால் பலம் கூடும் என்பது மெல்லிய துணிக்குப் பொருந்தலாம். சணலில் அது தபால் தலையின் ஓரத்தைப் போல வரிசையாகத் துளையிட்டு வைப்பதாகும்.

மேல் இறுக்கத்தையும் பாபின் கேஸின் இறுக்கத்தையும் தடித்த நூலுக்குத் தக்கபடி புதிதாக அமைக்க வேண்டும். கேஸை நூலில் தொங்கவிட்டால் அது நிற்கவேண்டும். கையைச் சிறிது உதறினால் கொஞ்சம் இறங்கவேண்டும். பிறகு மேல் இறுக்கத்தை, முடிச்சு துணியின் நடுவில் மறையும்வரை திருத்திக்கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. நிமிஷத்திற்கு 2,850 சுற்று சுழலும் மோட்டாரில் 100 மில்லிமீட்டர் கப்பியும், யந்திரத்தில் 70 மில்லிமீட்டர் கப்பியும் இருந்தால், யந்திரம் நிமிஷத்திற்கு நாலாயிரம் தையலுக்கு மேல் ஓடும். பனியனுக்கு அது சரி. சாக்குக்கு அது ஊசியையும் விரலையும் சேர்த்தே பலி வாங்கும். மோட்டார்க் கப்பியை 50 மில்லிமீட்டராக மாற்றினால் வேகம் இரண்டாயிரத்துச் சொச்சமாகக் குறையும். துளைக்கும் பலமும் கூடும். பெல்ட் மட்டும் அதற்கேற்ப மாறும். வசதியுள்ள சங்கங்கள் சர்வோ மோட்டார் வாங்கினால் வேகத்தை இன்னும் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம், மின்செலவும் குறையும்.

இந்த மாற்றத்தால் எல்லாம் கைகூடும் என்று அங்கத்தினர்களை நாங்கள் ஏமாற்றமாட்டோம். கீழ்ப் பல் மட்டும் துணியைத் தள்ளும் யந்திரத்தில், பல மடிப்பு வைத்தால் அடி மடிப்பு முன்னே போக மேல் மடிப்பு பின்தங்கும். பவானி ஜமக்காளத்தின் ஓரத்தையும், தடித்த தார்ப்பாயையும் ஓரளவு தைக்கலாம். நாள்தோறும் அதுவே வேலையானால், பாதமும் நடந்து துணியைத் தள்ளும் யந்திரம் ஒன்றை வாங்குவதே முறை. நிரம்பிய மூட்டையின் வாயை மூடுவதற்குக் கையில் பிடிக்கும் சங்கிலித்தையல் யந்திரம் தனியே இருக்கிறது. எங்கள் அனுபவத்தில் 160ஆம் எண் ஊசி வரையில் ஏறிப் பார்த்தோம்; யந்திரத்தின் உடம்பு அதிர்வதைக் கண்டு 140க்கே இறங்கிவிட்டோம். கைச்சக்கரத்தைக் கையால் சுழற்றி ஊசியைத் துணிக்குள் இறக்க முடியாத கனத்தை மோட்டாரைக் கொண்டு இறக்க முயலக்கூடாது.

முதலில் ஊசிகள் ஒடிந்த அந்த இரண்டு நாட்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. ஒடிந்த நான்கு ஊசிகளில் ஒன்றின் முனை மட்டும் கிடைக்கவில்லை. அன்று தைத்து அடுக்கிய சாக்குகள் முப்பதுக்கு மேல். மிளகு உண்ணும் பொருள். அதில் எஃகுத் துண்டு ஒன்று போய்விட்டால், அதை உண்பவர் யாரோ ஒரு முகம் தெரியாத குழந்தையாகவும் இருக்கலாம். "அக்கா, ஒரு முனைக்காக இவ்வளவையும் பிரிப்பதா?" என்று இளையவள் ஒருத்தி கேட்டாள். மூத்த தையற்காரி பதில் சொல்லாமல் முதல் சாக்கை எடுத்து உட்புறம் திருப்பினார். எல்லாவற்றையும் திருப்பி உதறி, காந்தத்தால் தடவிப் பார்த்தோம். முனை பதினேழாவது சாக்கின் அடி மடிப்பில் இருந்தது. அதன் பிறகு ஒடிந்த ஊசியின் துண்டுகள் யாவையும் ஒரு அட்டையில் ஒட்டி, தேதியும் தைத்தவர் பெயரும் எழுதி வைக்கிறோம். துண்டுகளைச் சேர்த்தால் முழு ஊசி வராவிட்டால், அன்றைய சாக்குகள் மிளகுக்கும் காப்பிக்கும் போவதில்லை. பெரிய ஆடைத் தொழிற்சாலைகளிலும் இதே வழக்கம் உண்டு. யந்திரத்தில் ஊசிக்கு முன் கண்காப்பு ஒன்றைப் பொருத்துவதும், இல்லையேல் கண்ணாடி அணிவதும் அவசியம். தடித்த ஊசி ஒடிந்தால் மெல்லிய ஊசியைப் போல் கீழே விழாது, தெறிக்கும்.

சணல் தூசு ஹூக்கைச் சுற்றி விரைவில் அடைத்துக்கொள்ளும். மதியமும் மாலையும் தட்டைக் கழற்றித் துலக்க வேண்டும். அந்தத் தூசு எண்ணெய்த் தொட்டியில் விழுந்தால் எண்ணெய் ஏறும் குழாய் அடைபடும். சாக்கிலும் எண்ணெய்க் கறை படியும். காப்பியும் மிளகும் வாசனையை எளிதில் ஏற்பவை. அவற்றுக்கென்று தாவர எண்ணெயால் பதப்படுத்திய சணலில் நெய்த சாக்குகள் இருக்கின்றன. அத்தகைய சாக்கை வாங்கிவிட்டு, நம் யந்திரத்தின் எண்ணெயை அதில் தடவுவது வீண் செலவு.

கழற்றிய பழைய ஊசிக்கோல், தட்டு, பல், பாதம், கப்பி ஆகியவற்றை எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு, ஹூக் முன்பு நின்ற இடத்தின் அளவையும் ஒரு சீட்டில் எழுதி அதற்குள்ளேயே வைத்திருக்கிறோம். மிளகுப் பருவம் முடிந்து, ஜூன் மாதப் பள்ளிச் சீருடைத் தையல் வரும்போது, யந்திரத்தை அரை நாளில் மெல்லிய ஊசிக்குத் திருப்பிவிட முடிகிறது.